அம்மம்மாவுக்கு டிஜிட்டல் போட்டோ பிரேம் வாங்க வேண்டும், எதைப் பார்த்து எடுக்கிறது?

களுவாஞ்சிக்குடி பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளில் இரண்டு பேர் கனடா, ஒருவர் சுவிஸ், கடைசி மாமா கட்டார். அம்மா மட்டும்தான் இங்கே மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் அவவோடு இருக்கிறா. குடும்ப வட்ஸ்அப் குழுவில் படம் வராத நாளே இல்லை. பூட்டப்பிள்ளை எழும்பி நின்றது, பேரன் பட்டம் வாங்கினது, பனிக்குள் நின்று எடுத்தது என்று வந்துகொண்டே இருக்கும். நான் போனை நீட்டுவேன், அவ கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் ஸ்கிரீன் அணைந்துவிடும், திரும்பத் திறந்து கொடுத்தால் விரல் பட்டு வேறெங்கேயோ போய் நிற்கும். "சரி மகள், பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை வட்டாவை இழுத்துக்கொள்ளுவா. அந்தப் பிறகு வருவதேயில்லை.

அதனால் மாமாமார் சேர்ந்து ஒரு டிஜிட்டல் போட்டோ பிரேம் வாங்கிக் கொடுப்பம் என்று முடிவெடுத்து, எது நல்லது என்று பார்க்கிற பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கல்முனையில் ஒரு கடையில் விசாரித்தால் 7 அங்குலம், 10 அங்குலம் என்று இரண்டைக் காட்டி "ரெண்டும் எச்டி" என்கிறார்கள். ஒன்லைனில் பார்த்தால் வைஃபை உள்ளது, பென் டிரைவ் மட்டும் போடுகிறது, தொடுதிரை, ரிமோட் என்று தலை சுற்றுகிறது. சிலதுக்கு மாதக் கட்டணமும் இருக்கிறதாம்.

வீட்டில் ரவுட்டர் இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் லைனும் போகும் கரண்டும் போகும். வீடு கடற்கரைப் பக்கம், இரும்பு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அம்மம்மா பகலில் விறாந்தைக் கதிரையில்தான் அதிகம், பின்னேரம் நடு அறையில். அவ எதையும் அழுத்தத் தேவையில்லாமல், தானாகப் படம் மாறிக்கொண்டிருந்தால் போதும். ஏற்கெனவே வீட்டில் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

*

கல்லடிப் படக்காரன்:

தங்கச்சி, நான் படம் எடுத்துக் கொடுக்கிற தொழில்தான், அதனால் ஸ்கிரீனைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன், வைஃபை விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

முதலில் "எச்டி" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஸ்கிரீனில் அகலத்துக்கும் உயரத்துக்கும் எத்தனை புள்ளி என்ற எண்ணைக் கேளுங்கள். விலை குறைந்த பிரேம்களில் 1024×600 இருக்கும். 7 அங்குலத்தில் அது பரவாயில்லை, 10 அங்குலத்தில் அதே எண் என்றால் முகம் மாவாகத் தெரியும். 10 அங்குலம் என்றால் 1280×800க்குக் கீழே எடுக்கவே வேண்டாம். அடுத்தது ஐபிஎஸ் ஸ்கிரீனா, அதாவது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகையா என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: பிரேமை மேசையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் நின்றும், கீழே குனிந்தும் பாருங்கள். நிறம் மாறினால், கறுப்பு வெளுத்துச் சாம்பலானால் அது வேண்டாம். அம்மம்மா கதிரையில் சாய்ந்திருந்து பார்க்கப்போகிறா, நேருக்கு நேர் நின்று பார்க்கப்போவதில்லை.

கடைக்குப் போகும்போது உங்கள் படங்களையே ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பூவும் மலையும் எந்த ஸ்கிரீனிலும் அழகாகத்தான் இருக்கும். நம்முடைய ஆட்களின் முகம், அதுவும் நிழலில் எடுத்த முகம், கூறைச் சேலையின் சிவப்பு, வெள்ளை வேட்டி, இந்த மூன்றும் ஒரே படத்தில் இருக்கிற கல்யாணப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மட்டமான ஸ்கிரீனில் முகம் கறுத்துப்போய், சிவப்பு மட்டும் எரிந்துகொண்டு நிற்கும்.

இப்போது எல்லாரும் விட்டுவிடுகிற விஷயம், வடிவம். 10.1 அங்குல பிரேம் பெரும்பாலும் 16:10, அதாவது அகலம் கிட்டத்தட்ட 21.7 சென்டிமீட்டர், உயரம் 13.6. உங்கள் மாமாமார் போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கிற படம் 3:4. அது இந்தப் பிரேமில் வந்தால் 13.6 உயரத்துக்குள் அடங்கி, அகலம் 10 சென்டிமீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்பாகவோ மங்கலாகவோ கிடக்கும். அதே பிரேமை நிமிர்த்தி வைத்தால் அதே படம் 13.6 அகலம், 18 உயரம் வரும். பரப்பைக் கணக்குப் பார்த்தால் ஒன்றேமுக்கால் மடங்கு பெரிதாகிறது, ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காமல். அதனால் உங்கள் குழுவில் வருகிற கடைசி நூறு படத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிமிர்ந்த படம் அதிகம் என்றால் பிரேமை நிமிர்த்தி வையுங்கள், எல்லாரும் வரிசையாக நிற்கிற படம் அதிகம் என்றால் படுக்கையாக வையுங்கள். இரண்டும் பாதிபாதி என்றால் 4:3 வடிவப் பிரேம் தேடுங்கள், கடைகளில் குறைவு, ஆனால் கிடைத்தால் நல்லது. வாங்கும்போது பின்னால் உள்ள தாங்கி இரண்டு பக்கமும் நிற்கிறதா என்று வைத்துப் பாருங்கள், சிலதில் ஒரே பக்கம்தான் நிற்கும்.

அப்புறம் செட்டிங்கில் படத்தை ஸ்கிரீன் முழுக்க நிரப்புவதா, முழுப் படத்தையும் காட்டுவதா என்று ஒன்று இருக்கும். முழுப் படத்தையும் காட்டுகிற மாதிரி வையுங்கள். நிரப்பினால் குழுப் படத்தில் ஓரத்தில் நிற்கிறவர்கள் வெட்டுப்படுவார்கள், மூத்தவர்களுக்கு அது மனத்தாங்கல். "இவனை ஏன் காணல்ல" என்று கேட்பார்கள்.

விறாந்தையில் வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கேயுள்ள வெளிச்சத்துக்கு இந்த ஸ்கிரீன்கள் ஈடுகொடுக்காது, கடல்காற்று வேறு. நடு அறையில் யன்னலுக்கு எதிரே வராமல், அவ இருக்கிற கதிரையின் கண்மட்டத்தில் வையுங்கள். கதிரைக்கும் பிரேமுக்கும் ஒரு மீட்டர் தூரம் என்றால் 10 அங்குலம் சரி. அதைவிடத் தள்ளி என்றால் 15 அங்குலத்துக்குப் போங்கள், அல்லது மேசையைக் கிட்ட நகர்த்துங்கள்.

*

சம்மாந்துறைத் தம்பி:

ஏன் காசைச் செலவழிக்கிறீங்க? வீட்டில் பழைய டெப் ஒன்று கிடந்தால் அதையே சார்ஜில் போட்டு ஸ்லைட்ஷோ ஓடவிடுங்க. எங்க வீட்டில் மூத்தம்மாவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறம். வேறு செலவில்லை, வீடியோ கோலும் அதிலேயே எடுக்கலாம். அல்லது ரீவியின் யுஎஸ்பி ஓட்டையில் பென் டிரைவைக் குத்திவிட்டால் 32 அங்குலத்தில் படம் தெரியும், அதைவிடப் பெரிசு என்ன வேணும்?

*

அக்கரைப்பற்று நானா:

தம்பி சொல்லுகிற ரீவி யோசனை நல்லதுதான், பெருநாளைக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது நாங்களும் அப்படித்தான் பார்ப்பம். ஆனால் ஒரு நாள் முழுக்க அப்படி ஓடவிட முடியாது, நாடகம் தொடங்கினால் ரிமோட் கை மாறிவிடும்.

பழைய டெப் விஷயத்தில் நான் உடன்படமாட்டேன், தம்பி குறை நினைக்க வேண்டாம். நான் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். இருபத்திநாலு மணித்தியாலமும் சார்ஜரில் கிடக்கிற பழைய டெப்பின் பேட்டரி நம்முடைய சூட்டுக்குள் ஊதும். பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்கிரீன் ஓரத்தில் இடைவெளி தெரிய ஆரம்பித்தால் அதை உடனே கழற்ற வேண்டும், குத்துப்பட்டால் தீப்பற்றும். வயதான ஆள் தனியாக இருக்கிற அறையில் அப்படி ஒன்றை வைக்கக்கூடாது. மேசையில் நிற்கிற போட்டோ பிரேம்களில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது, நேரடியாக அடப்டரில் ஓடும். அதுதான் பாதுகாப்பு.

பேட்டரி இல்லாததால்தான் கரண்ட் விஷயம் வருகிறது. தங்கச்சி, கடையில் இதை மட்டும் கட்டாயம் செய்யுங்க: படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க, பத்து எண்ணிவிட்டுத் திரும்பக் குத்தச் சொல்லுங்க. ஒன்றையும் அழுத்தாமல் தானாகவே படம் திரும்ப ஓடத் தொடங்கினால் வாங்குங்க. பட்டனை அழுத்து, மெனுவில் போய்த் தெரிவு செய் என்று நின்றால் வேண்டாம். கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு முறையும் அம்மா ஓடிவந்து போட வேண்டியிருக்கும், ஒரு மாதத்தில் சலித்துப்போய் அப்படியே கறுப்பாக நிற்கும். ஸ்கிரீன் எவ்வளவு வடிவாக இருந்தாலும் எனக்கு இதுதான் முதல் சோதனை.

கரண்ட் பில்லுக்குப் பயப்படத் தேவையில்லை. அடப்டரில் 5 வோல்ட் 2 அம்பியர் என்று போட்டிருந்தால் ஆகக் கூடினது 10 வாட். நாளைக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு மூன்றரை யூனிட் அளவு. உங்கள் பாவனை 60 யூனிட் எல்லைக்குக் கிட்ட நிற்கிற வீடு என்றால் மட்டும் கவனியுங்க, எல்லை தாண்டினால் கட்டணமே வேறு கணக்கு. இரவு 9க்கு அணைந்து காலையில் எழும்புகிற மாதிரி நேரம் போட்டுவிடலாம், அநேகமாக எல்லாப் பிரேமிலும் அந்த வசதி இருக்கும்.

வைஃபையில் ஒரே ஒரு விஷயம். இந்தப் பிரேம்களில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும். புது ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகின்றன, அப்போது சில பிரேம் இணையாமல் சண்டை பிடிக்கும். ரவுட்டரின் செட்டிங்கில் போய் 2.4க்கு வேறு பெயர் கொடுத்தால் தீர்ந்தது. வசதியிருந்தால் அதே ரவுட்டரில் தனியாக ஓடுகிற விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து பிரேமை அதில் விடுங்க. காரணம் சொல்லுகிறேன்: பெயர் தெரியாத மலிவுப் பிரேம்கள் பலதுக்குள் பழைய அன்ட்ரொய்ட்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் குவொக்கா என்ற பாதுகாப்பு நிறுவனம், உஹாலே என்ற மென்பொருளில் ஓடுகிற பிரேம்களில் சில, பூட் ஆகும்போதே தீங்கான செயலிகளைத் தானாக இறக்குகின்றன என்று வெளியிட்டது. வாங்குவதற்கு முன் எந்தச் செயலியில் ஓடுகிறது என்று பெட்டியில் பாருங்க. அதே வைஃபையில்தான் அம்மாவின் போனும், அதில் வங்கிக் கணக்கும் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் நேரம் பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லுங்க. ரவுட்டரையும்தான்.

*

கல்லாற்றான், ரொறன்ரோ:

வணக்கம் பிள்ளை. பெரிய கல்லாறுதான் ஊர், இங்கே வந்து கனகாலம். அம்மாவுக்கு ஒன்று வாங்கி ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அனுப்புகிற பக்கத்திலிருந்து சொல்லுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கிற மாமாமாருக்குச் சுகமாக இருந்தால்தான் படம் தொடர்ந்து வரும்.

ஃப்ரேமியோ என்ற செயலியில் ஓடுகிற பிரேமைத்தான் நான் எடுத்தேன். ஒரு கம்பனி மட்டும் செய்கிற சாமான் இல்லை, பல கம்பனிகள் தங்கள் பிரேமுக்குள் அதைப் போட்டு விற்கின்றன, பெட்டியில் எழுதியிருக்கும். பிரேமிலிருந்து ஒரு குறியீடு எடுத்து அனுப்பினால் நாம் இங்கே போனில் அதைப் போட்டு இணைந்துகொள்ளலாம். படம் பிரேமின் நினைவகத்திலேயே பதிந்துவிடும், ஊரில் லைன் போனாலும் இருக்கிற படம் ஓடிக்கொண்டே இருக்கும், லைன் வந்ததும் புதுப் படம் இறங்கும். மாதக் கட்டணம் இல்லாமலே வேலை நடக்கும், கூடுதல் வசதிக்குத்தான் காசு. படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதவும் இடம் இருக்கிறது.

வேறு கம்பனிகளின் பிரேம்களையும் பார்த்தேன். ஓரா பிரேமின் ஸ்கிரீன் அருமை, கட்டணமும் இல்லை, ஆனால் அது இணையத்தை நம்பித்தான் இருக்கிறது, மெமரி கார்ட் போட இடமில்லை. ரவுட்டர் அடிக்கடி சாய்கிற வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். ஸ்கைலைட்டில் வீடியோ அனுப்ப வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். நிக்ஸ்பிளே 2025இல் படம் சேமிக்கத் தருகிற இலவச இடத்தை 500 எம்பிக்குக் குறைத்தது. கூகுள் போட்டோஸ் அல்பத்தைப் பிரேம் தானாகவே இழுத்துக்கொள்ளும் என்று பழைய விளம்பரங்களில் இருக்கும், 2025 மார்ச் 31க்குப் பிறகு வெளிச் செயலிகள் நம்முடைய தொகுப்பை அப்படித் தானாக வாசிக்க கூகுள் விடுவதில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: படம் யாரோ ஒரு கம்பனியின் கொம்பியூட்டரில் இருக்காமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், கூடவே எஸ்டி கார்ட் போட ஓர் இடமும் இருக்க வேண்டும். நாளைக்குக் கம்பனி மூடினாலும் கார்டில் ஓடும்.

எங்கே வாங்குவது என்றால், லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அங்கேயிருந்து ஆள் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். அங்குள்ள சதுர மூன்று கால் பிளக் ஊரில் 13 அம்பியர் சொக்கெட்டுக்கு அப்படியே பொருந்தும். கனடாவிலிருந்து வந்தால் அடப்டரில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், 120 மட்டும் என்றால் ஊரில் குத்தின உடனே போய்விடும்.

இங்கே கோடைகாலத்தில் இரவு 9 மணி என்றால் ஊரில் அடுத்த நாள் காலை ஆறரை. வேலை முடிந்து வந்து பிள்ளைகளின் அன்றைய படத்தை அப்போது அனுப்பிவிடுவேன். அம்மா தேத்தண்ணியோடு வந்து இருக்கும்போது புதுப் படம் நிற்கும். இரவு பேசும்போது அவவே அந்தப் படத்தைப் பற்றித்தான் முதலில் கதைக்கிறா, "அந்தச் சிவப்புச் சட்டை யார் வாங்கிக் குடுத்தது?" என்று. முன்பெல்லாம் "சாப்பிட்டியா, குளிரா" என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும்.

*

களுவாஞ்சிக்குடி பேத்தி:

எல்லாருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நானா சொன்ன பிளக் சோதனையை எழுதி வைத்துவிட்டேன். கடைசி நூறு படத்தைப் பார்த்தேன், முக்கால்வாசி நிமிர்ந்த படம்தான்.

இன்னும் இரண்டு விஷயம். அம்மப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். மற்ற அல்பங்கள் பெரியநீலாவணையில் சித்தி வீட்டில் இருந்தன, 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீட்டோடு போய்விட்டன. மிஞ்சிய ஒரு அல்பத்தில் படமெல்லாம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக் கிடக்கிறது. இவற்றையும் பிரேமில் போட ஏலுமா? இரண்டாவது, அம்மா சொல்லுகிறா, செத்தவர்களின் படம் பிறந்தநாள் படத்தோடு கலந்து வரக்கூடாது, அது சரியில்லை என்று. மாமா சொல்லுகிறார், அம்மம்மாவுக்கு அம்மப்பாவைப் பார்க்கத்தான் ஆசை இருக்கும் என்று. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

*

ஆரையம்பதி ரீச்சர்:

மகள், அம்மா சொல்லுவதையும் தட்டக்கூடாது, மாமா சொல்லுவதும் உண்மை. அம்மம்மாவிடமே கேளுங்கள். அவவின் பிரேம், அவவின் ஆள். எங்கள் வீட்டில் என் மாமியிடம் கேட்டபோது "அவர் தனிய வரட்டும், கேக் வெட்டுற படத்துக்குப் பக்கத்தில வேண்டாம்" என்றா. அதனால் மறைந்தவர்களின் படங்களை வேறு கார்டில் போட்டு வைத்திருக்கிறோம். ஆட்டைத் திவசத்துக்கு அந்தக் கார்டைப் போட்டால் அன்று முழுக்க அவர்கள்தான். வேறு நாள்களில் மாமி கேட்டால் மாற்றிவிடுவோம், கேட்கிற நாள்களும் உண்டு.

படங்களைத் தெரிவு செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குழுவில் வருகிற எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒரே பிறந்தநாளில் எடுத்த நாற்பது படம் வரிசையாக வந்தால் பார்க்கிறவருக்கு அலுப்பு. ஒரு நிகழ்வுக்கு ஒரு படம், அதுவும் முகம் பெரிதாகத் தெரிகிற படம். கண்ணில் வெள்ளை படர்ந்தவர்களுக்கு நயாகராவுக்கு முன்னால் எறும்புபோல நிற்கிற படத்தால் ஒரு பயனும் இல்லை. படம் மாறுகிற நேரத்தைக் கூட்டி வையுங்கள், ஒரு நிமிடமாவது நிற்கட்டும். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் அவ யாரென்று யோசிப்பதற்குள் போய்விடும், பிறகு போனில் நடந்த அதே கதைதான். பறக்கிற, சுழல்கிற மாற்றங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

பெயர் எழுதுங்கள். பேரனின் பிள்ளைகள் எல்லாம் வளர வளர முகம் மாறுகிறது, நேரில் பார்க்காத பிள்ளை வேறு. "சுவிஸ் மாமாவின் மூத்த மகள்" என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் முறை. அம்மம்மாவின் முறையில் "பெரிய மகன்ட மூத்த பெட்டை" என்று அவ எப்படிச் சொல்லுவாவோ அப்படியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். பென் டிரைவ் பிரேம் சிலதில் தமிழ் எழுத்துக் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் போனிலேயே படத்தின் மேல் எழுதிச் சேமித்துவிட்டால் எந்தப் பிரேமிலும் வரும்.

ஊர்ப் படங்களும் போடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு, கொக்கட்டிச்சோலைத் தேர், வயல் அறுவடை, அவ பிறந்த வீட்டுப் படலை. நடக்க ஏலாமல் போன பிறகு கோயிலுக்குப் போக முடியவில்லையே என்ற கவலைதான் அவர்களுக்குப் பெரிது. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் படத்தைவிடச் சடங்குப் படத்தை என் மாமி கூடுதல் நேரம் பார்க்கிறா.

*

கல்லடிப் படக்காரன்:

தங்கச்சி, அந்த ஒட்டின அல்பத்தை உரிக்க வேண்டாம், தயவுசெய்து. உரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பக்கத்தை அப்படியே பிளாஸ்டிக்கோடு ஸ்கான் பண்ணுங்கள், முதலில் ஒரு பிரதி கையில் இருக்கட்டும், பிறகு மற்றதைப் பார்க்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டின படத்துக்கும் இதுதான்.

அம்மப்பாவின் படத்தைப் போனில் எடுக்காமல் ஸ்கானரில் போடுங்கள். அடையாள அட்டை அளவு 35க்கு 45 மில்லிமீட்டர். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கான் செய்தால் உயரம் 531 புள்ளிதான் வரும், 600இல் போட்டால் உயரம் 1063, அகலம் 827 வரும், நிமிர்த்தி வைத்த 1280×800 பிரேமில் அகலத்துக்கு நிறைந்து நிற்கும். 1200இல் போட்டு ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பெரிதாக அச்சடிக்க உதவும். ஸ்கானர் கிடைக்காத பெரிய படங்களுக்குக் கூகுளின் போட்டோஸ்கேன் செயலி நல்லது, நாலு மூலையிலும் போனைக் கொண்டுபோகச் சொல்லும், அதனால் பளபளப்பு விழாது.

பழைய கலர்ப் படம் சிவந்துபோயிருந்தால் நிறத்தை மட்டும் சரிபண்ணுங்கள். இப்போது போனில் ஒரு தட்டில் முகத்தைத் தெளிவாக்குகிற செயலிகள் வந்திருக்கின்றன. அவை இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாக வரைந்துவிடுகின்றன. பார்க்கிற நமக்கு அழகாக இருக்கும், கூட வாழ்ந்த ஆளுக்கு "இது அவரில்லையே" என்று வரும். மங்கலாக இருந்தாலும் அவர் முகமே இருக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கடலோடு போன படங்கள் எல்லாம் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கல்யாணம், சாமத்தியவீடு என்றால் ஒரு பிரதி வெளிநாட்டுக்குத் தபாலில் போகும். உங்கள் மாமாமாரின் வீடுகளில், மாமிமாரின் அல்பங்களில், அலுமாரி லாச்சிகளில் அவை கிடக்கும். நான் வேலை செய்து கொடுத்த கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய படம் திரும்பக் கிடைத்தது அப்படித்தான். பிரேமுக்குக் காசு போடுகிற மாமாமாரிடம் சொல்லுங்கள், காசோடு பழைய அல்பங்களையும் ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லி. பின்பக்கத்தில் திகதி, ஆள் பெயர் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நினைவு உள்ளவர் அம்மம்மாதான், அவ இருக்கும்போதே யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். பிரேமில் பார்க்க அது காணும், ஆனால் சேமித்து வைக்கிறதுக்குக் காணாது, பழைய படங்களை டொகியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஐபோன் வைத்திருக்கிறவர்களின் படம் எச்இஐசி வடிவில் வரலாம், கார்டில் ஏற்றினால் பல பிரேம் அதைக் காட்டாது, ஜேபெக் ஆக மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

*

களுவாஞ்சிக்குடி பேத்தி:

படக்காரன் அண்ணா, நீங்கள் சொன்னதை இரவே குழுவில் போட்டேன். சுவிஸ் மாமி உடனே எழுதினா, அவவின் கல்யாண அல்பத்தில் அம்மப்பா வேட்டி கட்டித் தாலி எடுத்துக் கொடுக்கிற படம் இருக்கிறதாம், முழு உருவம். எங்களில் யாருக்குமே தெரியாது. அம்மம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஸ்கான் வந்த பிறகு சொல்லுவோம்.

பிரேம் 10 அங்குலம், 1280×800, ஐபிஎஸ், ஃப்ரேமியோ, கார்ட் போட இடம் உள்ளது, நிமிர்த்தி வைக்கக்கூடியது என்று முடிவு செய்திருக்கிறோம். லண்டனில் சொந்தக்காரர் இல்லை, அதனால் இங்கேயே பார்க்கப்போகிறேன். தொடுதிரை என்றால் அம்மம்மாவின் கை பட்டு நிற்குமோ என்ற ஒரு யோசனைதான் மிச்சம்.

*

அக்கரைப்பற்று நானா:

கை எட்டாத தூரத்தில், ஆனால் கண் எட்டுகிற தூரத்தில் வைத்தால் போதும் தங்கச்சி. பட்டாலும் மெனு கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொண்டு படம் திரும்ப ஓடுகிறதா என்று கடையில் பிளக் சோதனையோடு சேர்த்துப் பாருங்க. பில்லில் மொடல் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்க, "சைனா பிரேம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பிறகு கேட்க ஏலாது. கல்முனையில் சரிவராவிட்டால் மட்டக்களப்பு டவுனில் பாருங்க. 5 வோல்டில் ஓடுகிற பிரேம் என்றால், அடப்டர் மட்டும் பழுதானாலும் அப்படி ஒன்று எங்கேயும் கிடைக்கும், அதற்காகப் பிரேமை எறிந்துவிட வேண்டாம்.